பட்டாணிக் கிடங்கில் ஓர் ஒத்திகை

பொள்ளாச்சியில் உறைந்த பட்டாணியும் ஐஸ்கிரீமும் வைக்கிற ஒரு குளிர்பதனக் கிடங்கு இருக்கிறது. அதன் உரிமையாளருக்குக் கடைவாய்ப் பல்லில் வேர் சிகிச்சை செய்தவள் நான். அந்த உரிமையில், சென்ற ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு கேமராக்களையும் ஒரு டிரைபாடையும் நான்கு வகைக் கையுறைகளையும் தூக்கிக்கொண்டு அங்கே போனேன். உள்ளே மைனஸ் 18 டிகிரி. "டாக்டரம்மா, பட்டாணிக்கே ஜலதோஷம் பிடிக்கிற இடம் இது. இங்கே எதைப் படம் எடுக்கப் போகிறீர்கள்?" என்றார் அவர். கதவை வெளியிலிருந்து பூட்டிவிட வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

பிப்ரவரிக் கடைசியில் கிப்பருக்குப் போவதாக முடிவாகியிருந்தது. இமாச்சலத்தின் ஸ்பிதி பள்ளத்தாக்கில், 4,200 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊர் அது. நம் தொட்டபெட்டாவின் உச்சியில் நின்றுகொண்டு இன்னும் ஒன்றரைக் கிலோமீட்டர் மேலே அண்ணாந்து பார்த்தால் கிப்பர். குளிர்காலத்தில் மணாலிப் பக்கத்துக் குன்சும் கணவாய் மூடிவிடும். சிம்லா, கின்னௌர் வழியாகச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். பனி கொட்டிய பிறகு பரல் என்கிற நீலச்செம்மறிகள் மேய்ச்சல் தேடிக் கீழே இறங்கும். அவற்றின் பின்னால் பனிச்சிறுத்தையும் இறங்கும். 2024 ஜனவரியில் வெளியான கணக்கெடுப்பின்படி நாடு முழுவதற்கும் 718 பனிச்சிறுத்தைகள். அதில் ஒன்றைப் பார்க்க எந்தக் கருவியைக் கொண்டுபோவது என்பதுதான் என் கவலை.

இத்தனை வருடமும் நான் படம் எடுத்தது வால்பாறைப் பக்கம். அங்கே எதிரிகள் மழையும் அட்டையும்தான். ஆழியாற்றுக் கொண்டை ஊசி வளைவில் வரையாடு கார்க் கண்ணாடியருகே வந்து நின்று நம்மைப் பார்க்கும். குளிரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் கையேட்டில் இருந்த ஒரு வரி: என் நிக்கான் டி500, 0 முதல் 40 டிகிரி வரை வேலை செய்யும். 0-க்குக் கீழே உடனே செத்துவிடும் என்று அதற்குப் பொருள் இல்லை; அதற்கு மேல் உன் பாடு என்று பொருள். நிக்கானின் புதிய கேமரா இசட்8-க்கு மைனஸ் 10 வரை உத்தரவாதம் சொல்கிறார்கள். தோழி ஒருத்தி தன்னுடையதை இரவல் தந்தாள். வாங்கிவிடலாம் என்று பாதி மனம் அப்போதே தீர்மானித்திருந்தது.

கிடங்கில் ஒரு மணி நேரம் நின்றேன். இரண்டு கேமராக்களுமே நன்றாகத்தான் படம் எடுத்தன. வித்தியாசம் பேட்டரியில் தெரிந்தது. குளிரில் லித்தியம் பேட்டரிக்குள் வேதிவினை மந்தமாகிவிடும். மின்சாரம் உள்ளேயே இருக்கும், ஆனால் கேட்ட வேகத்தில் வராது. சிவப்பு காட்டிய பேட்டரியை உள்சட்டைப் பையில் வைத்துச் சூடாக்கிப் போட்டால் மறுபடியும் பாதிக்கு மேல் காட்டியது. இசட்8 மிர்ரர்லெஸ், அதாவது உள்ளே கண்ணாடி இல்லாத கேமரா. அதில் கண்ணை வைத்துப் பார்த்தாலே மின்சாரம் போகும், அதன் வ்யூஃபைண்டரே ஒரு சின்னத் திரை. டி500-இல் கண்ணாடி வழியாகச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கலாம். முறைப்படியான சோதனைக் கணக்கிலேயே ஒரு சார்ஜுக்கு டி500 1,240 படம், இசட்8 330 படம். மலையில் நான் செய்யப்போவது பெரும்பாலும் காத்திருப்பதுதான். 2016-ஆம் வருடத்து மாடலே போதும் என்று அங்கேயே முடிவு செய்தேன். வீட்டுக்காரருக்கு அன்று வந்த மகிழ்ச்சியை விவரிக்க வேண்டியதில்லை.

லென்ஸ் விஷயத்தில் யோசிக்க நிறைய இல்லை. ஜூம் இல்லாத 600 எம்எம் பிரைம் லென்ஸ் ஒன்றை வாடகைக்கு எடுக்கலாமா என்று ஆசை இருந்தது. விமானத்தில் கையோடு கொண்டுபோக 7 கிலோதான் அனுமதி என்பது ஆசையை அடக்கியது. உதிரி பேட்டரிகளைப் பெட்டியில் போட்டு அனுப்பவும் கூடாது, அவையும் அந்த 7 கிலோவுக்குள் வர வேண்டும். என்னிடமிருந்த 200-500 லென்ஸ், டிரைபாடில் பொருத்தும் வளையத்தோடு 2,300 கிராம். அதுவே போதும். கிடங்கில் அதன் ஜூம் வளையம் கொஞ்சம் இறுகியது, பொறுத்துக்கொள்ளலாம். லென்ஸின் எட்டத்தை 1.4 மடங்காக்கும் டெலிகன்வெர்ட்டரை எடுத்துப்போனேன், ஒரு முறைகூடப் பையிலிருந்து எடுக்கவில்லை. பத்து மணிக்கு மேல் வெயில் பட்ட பாறைக்கும் குளிர்ந்த காற்றுக்கும் இடையில் கானல் எழுந்துவிடும். பள்ளத்தாக்கின் எதிர்ச்சரிவு தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல நெளியும். அதைப் பெரிதாக்கிப் பார்த்தால் பெரிய நெளிவுதான் கிடைக்கும்.

கையுறைதான் என்னை நிறைய நாள் படுத்தியது. நாள் முழுக்கக் கையுறையோடு வேலை செய்கிறவள், எனக்கா தெரியாது என்று முதலில் ஆஸ்பத்திரி நைட்ரைல் கையுறையை உள்ளே போட்டுப் பார்த்தேன். பத்து நிமிடத்தில் உள்ளே வியர்த்து, வியர்வை குளிர்ந்து, விரல் மரத்துவிட்டது. ஊசியே தேவைப்படவில்லை. கடைசியில் தேறியது இரண்டடுக்கு: உள்ளே மெல்லிய கம்பளி, வெளியே விரல்நுனி மூடியைத் திறந்து மடிக்கக்கூடிய தடித்த உறை. அதைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடி, ஃபோகஸ் பொத்தானையும் ஷட்டரையும் பேட்டரிக் கதவையும் தேடிப் பழகினேன். தொடுதிரையில் வைத்திருந்த அமைப்புகள் எல்லாவற்றையும் பொத்தான்களுக்கு மாற்றினேன். டிரைபாட் கார்பன், இருந்தும் பூட்டுகள் உலோகம் என்பதால் சைக்கிள் ஹேண்டில் பட்டையைச் சுற்றினேன். பையில் போட்டுக்கொள்ளும் சூட்டுப் பொட்டலங்களைப் பற்றி ஒன்று: அதற்குள் இருப்பது இரும்புத்தூள், அது காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்துதான் சூடாகிறது. கிப்பரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய அறுபது சதவீதம். பொள்ளாச்சியில் கையைச் சுட்ட பொட்டலம் அங்கே வெதுவெதுப்போடு நின்றுகொண்டது.

இத்தனை ஒத்திகை பார்த்தவள் செய்த பிழையைக் கேளுங்கள். வாயைப் பரிசோதிக்கும் சின்னக் கண்ணாடியை நாங்கள் வெந்நீரில் காட்டிவிட்டுத்தான் வாய்க்குள் விடுவோம். குளிர்ந்த கண்ணாடி என்றால் மூச்சுப் பட்டதும் ஆவி படிந்து ஒன்றும் தெரியாது. முதல் வருடத்திலேயே கற்ற பாடம். அப்படிப்பட்ட நான், மூன்றாம் நாள் மாலை கேமராவை அப்படியே கழுத்தில் மாட்டிக்கொண்டு, தங்கியிருந்த வீட்டின் அடுப்பறைக்குள் நுழைந்தேன். நடுவில் தகர அடுப்பு, அதில் சாணவறட்டி எரிகிறது, மேலே இரண்டு பாத்திரம் கொதிக்கிறது. வீட்டுப் பாட்டி உப்புத் தேநீரை நீட்டினார். நான் அதைக் குடித்து முடிப்பதற்குள் லென்ஸின் முன்கண்ணாடி வெள்ளையாகிவிட்டது. துடைத்தேன். துடைத்தது வெளியே, படிந்தது உள்ளேயும். அதற்கென்றே கொண்டுவந்த பெரிய ஜிப் லாக் பை அறையில் மடிப்புக் கலையாமல் இருந்தது. வெளியிலேயே கேமராவைப் பையிலிட்டு மூடி, பிறகு உள்ளே கொண்டுவந்திருந்தால் ஈரம் பையின்மேல் படிந்து போயிருக்கும்.

மறுநாள் விடியலில் உள்ளே படிந்திருந்த ஈரம் உறைந்து இறகு இறகாகத் தெரிந்தது. அன்றைக்குத்தான் சிச்சம் பாலத்துப் பக்கம் ஒரு பனிச்சிறுத்தை, வெறும் ஐம்பதடி தூரத்தில் சாலையைக் கடந்து போனது. கூட வந்த நால்வரும் எடுத்தார்கள். நான் கண்ணால் பார்த்தேன். வாலை மட்டும் நன்றாக நினைவிருக்கிறது, உடம்பளவுக்கு நீளமாக, தனியாக ஒரு பிராணி பின்னால் வருவதுபோல.

ஆறாம் நாள் எனக்கும் கிடைத்தது. வழிகாட்டிப் பையன் தொலைநோக்கியில் பிடித்துக் காட்டியபோது எதிர்ச்சரிவில், நானூறு மீட்டரில், பாறை விளிம்பில் தூங்கிக்கொண்டிருந்தது. நான்கு மணி நேரம் தூங்கியது. பாட்டி கொடுத்த பார்லியை நிரப்பிய பீன் பேக்கின்மேல் லென்ஸைக் கிடத்திவிட்டு நானும் கிடந்தேன். வெயில் இறங்கிக் கானல் அடங்கிய பிறகு எழுந்து முதுகை வளைத்துச் சோம்பல் முறித்தது. அந்த நேரம் பார்த்து பேட்டரி கண்ணை மூடியது. உறையைக் கழற்றாமலே நெஞ்சுப் பையிலிருந்து அடுத்ததை எடுத்துப் போட்டேன். பட்டாணி மூட்டைகளுக்கு நடுவே பழகிய கை. பதினேழு படங்கள்.

500 எம்எம்மில் அவ்வளவு தூரத்துக்கு, படத்தின் அகலத்தில் பத்தில் ஒரு பங்குதான் சிறுத்தை, மிச்சமெல்லாம் பாறை. வெட்டிப் பெரிதாக்காமல் அப்படியே அச்சடித்து, க்ளினிக்கில் காத்திருக்கும் இடத்தில் மாட்டியிருக்கிறேன். பல்வலியோடு வருகிறவர்களுக்குத் தேடப் பொழுது போகிறது. சென்ற மாதம் கிடங்குக்காரர் மறுபரிசோதனைக்கு வந்தவர், படத்தின் முன் வெகுநேரம் நின்றார். விரலை வைத்துக் காட்டினேன்.

"இதற்காகவா டாக்டரம்மா ஒரு மணி நேரம் உள்ளே நின்றீர்கள்?" என்றார்.