ஆறடிக்கு நாலடி

பெரிய படம் மாட்ட ஆசைப்படுகிறவர்களுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காசைத் தின்பது பெரும்பாலும் படம் இல்லை, அதற்குப் போடும் கண்ணாடியும் பிரேமும்தான். இது தெரிந்த பிறகுதான் எங்கள் ஹால் சுவருக்கு ஒரு வழி பிறந்தது.

தாம்பரம் பக்கம் அடுக்குமாடியில் இருக்கிறோம். சோபாவுக்கு மேலே 11 அடி அகலத்துக்கு வெறும் சுவர். ஜன்னல் இல்லை, ஷெல்ஃப் இல்லை, பில்டர் அடித்துக் கொடுத்த வெளிர்மஞ்சள் பெயிண்ட் மட்டும். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் "இங்க ஏதாவது மாட்டலாமே" என்பார்கள். யார் காசில் என்று மட்டும் ஒருவரும் சொல்ல மாட்டார்கள்.

சோபா 7 அடி. அதன் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்காவது படம் இருந்தால்தான் பார்வைக்கு நிற்கும், இல்லையென்றால் காலண்டர் மாட்டியது மாதிரிதான் தெரியும். பழைய தினத்தந்தித் தாள்களை செல்லோடேப்பால் ஒட்டி, 4 அடிக்கு 3 அடி, 5 அடிக்கு 3 அடி, 6 அடிக்கு 4 அடி என்று சுவரில் வைத்துப் பார்த்தேன். கடையில் நிற்கும்போது 4 அடிப் படம் பிரம்மாண்டமாகத் தெரியும். சுவருக்கு வந்ததும் சுருங்கிவிடும். கடைசியில் 6 அடிக்கு 4 அடிதான் சரியாக உட்கார்ந்தது. ராசிபலன் பக்கம் வெளியே தெரிகிற மாதிரி ஒட்டிவிட்டதால் அத்தை அதைக் கழற்றவே விடவில்லை, தினமும் நின்று படித்துக்கொண்டிருந்தார்.

இந்த அளவைச் சொன்னதும் பிரேம் கடைக்காரர் ஏற இறங்கப் பார்த்தார். சுற்றளவு 20 அடி, அவ்வளவு பீடிங். 24 சதுர அடி கண்ணாடி. பின்னால் போர்டு. எல்லாம் சேர்த்து எட்டாயிரத்துக்கு மேல் கணக்குப் போட்டார், இத்தனைக்கும் உள்ளே படமே இல்லை. விலையை விட என்னை யோசிக்க வைத்தது எடை. 4 மில்லிமீட்டர் கண்ணாடி சதுர மீட்டருக்கு 10 கிலோ. நம் அளவுக்குக் கண்ணாடி மட்டுமே 22 கிலோ வரும், ஒரு அரிசி மூட்டை அளவு. அது தொங்கும் இடத்துக்குக் கீழே சாயங்காலமானால் அத்தை உட்கார்ந்து சீரியல் பார்ப்பார். வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

வீட்டுக்காரர் சொன்ன யோசனை, மூணாறு போனபோது எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் போடலாம் என்பது. ஃப்ளெக்ஸ் கடையில் சதுர அடிக்குச் சில பத்து ரூபாய்தான். ஆனால் 6 அடிக்கு 4 அடி என்பது நம் ஊரில் எதற்கெல்லாம் அடிக்கிற அளவு? காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கண்ணீர் அஞ்சலி. நாங்கள் நாலு பேரும் சிரித்துக்கொண்டு நிற்கிற ஃப்ளெக்ஸ் ஹாலில் தொங்கினால், வருகிறவர்கள் தேதியும் மண்டபமும் எங்கே போட்டிருக்கிறது என்று தேடுவார்கள். போதாததற்கு அந்தப் பளபளப்பும் பிளாஸ்டிக் வாடையும்.

அதே கடையில் கேன்வாஸ் பிரிண்ட்டும் போட்டார்கள். சதுர அடி 150 ரூபாய், மரச்சட்டத்தில் இழுத்து அடித்துக் கொடுக்கத் தனி. கண்ணாடி தேவையில்லை, எடையும் இல்லை. உண்மையில் இது நல்ல வழிதான், படம் சரியாக இருந்தால். நம்மிடம் இருந்தது வாட்ஸ்அப்பில் வந்த படம். அது அமுக்கி அனுப்பியதில் அகலம் 1600 புள்ளிக்கு (பிக்சல்) சுருங்கியிருந்தது. 6 அடி என்றால் 72 அங்குலம். அங்குலத்துக்கு 22 புள்ளி. மூக்கும் கண்ணும் கட்டம் கட்டமாகத் தெரியும். போனில் இருக்கும் ஒரிஜினல் 4000 புள்ளி என்றால் 55 வரும். எட்டு பத்து அடி தள்ளி உட்கார்ந்து பார்க்கிற சுவருக்கு அது ஓடிவிடும். இந்த வழியில் போகிறவர்கள் படத்தை டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். சொந்தப் படம் வேண்டாம் என்றால், நியூயார்க்கின் மெட் அருங்காட்சியகம் உரிமைக்காலம் முடிந்த தன் சேகரிப்புப் படங்களை 2017 முதல் இணையத்தில் இலவசமாகத் தருகிறது, நம் நாட்டு ஓவியங்களும் அதில் உண்டு. ரவிவர்மா 1906-லேயே காலமாகிவிட்டதால் அவர் ஓவியங்களுக்கும் உரிமைப் பிரச்சினை கிடையாது.

தஞ்சாவூர் ஓவியம் அத்தையின் ஆசை. தங்க ரேக்கு, கல், பலகை, அதற்கு மேல் கண்ணாடி. இந்த அளவில் கேட்டால் ஒரு நகைச்சீட்டே போட வேண்டும். பேச்சை அதோடு நிறுத்திக்கொண்டோம்.

துணி என்ற யோசனை ஈஞ்சம்பாக்கத்தில் வந்தது. சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்குச் சும்மா சுற்றிப்பார்க்கப் போயிருந்தோம். 1966-ல் கே.சி.எஸ். பணிக்கரும் மற்ற ஓவியர்களும் சேர்ந்து உருவாக்கிய இடம். ஓவியத்தை வாங்க ஆளில்லாத அந்தக் காலத்தில் அவர்கள் பாத்திக் துணி, அதாவது மெழுகு பூசிச் சாயம் தோய்த்த துணி, செய்து விற்றுப் பிழைத்தார்கள், அந்தக் காசில்தான் இடமே வந்தது. பெரிய பெரிய கலைஞர்களுக்கே துணிதான் சோறு போட்டது என்றால், என் சுவருக்குத் துணி ஆகாதா? துணிக்குக் கண்ணாடி வேண்டாம், பிரேம் வேண்டாம், சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வரலாம்.

அப்புறம் அத்தைக்கு ராகு கேது பரிகாரம் என்று காளஹஸ்தி போக வேண்டி வந்தது. பூஜை முடிந்ததும் நேராக, துணியில் குச்சியால் கலம்காரி ஓவியம் வரைகிறவர் ஒருவர் வீட்டுக்குப் போனோம். கோயில் சுவரிலும் தேரிலும் தொங்கவிட்ட துணிகள்தான் இந்தக் கலையின் வேர். கும்பகோணம் பக்கம் சிக்கல்நாயக்கன்பேட்டையில் தேரில் தொங்கவிடும் உருளைத் துணியான தொம்பைக்கு வரைவதும் இதே கலையின் ஒரு கிளைதான். அதற்குக் கருப்பூர் கலம்காரி என்ற பெயரில் 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆக, சுவரில் மாட்டி எட்ட நின்று பார்ப்பதற்கென்றே பிறந்த துணி.

அவர் வரைவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். துணியைக் கடுக்காயிலும் எருமைப்பாலிலும் ஊறவைத்துக் காயவைத்திருந்தார். லேசாகப் பால் வாடை. மூங்கில் குச்சியின் நுனிக்குக் கொஞ்சம் மேலே துணி சுற்றியிருந்தது, மை தங்குவதற்கு. மை என்றால் துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் வாரக்கணக்கில் ஊறவைத்தது. குச்சி ஓடும்போது கோடு வெளுப்பாகத்தான் விழுகிறது. கண்ணெதிரே அது கறுக்கிறது. துணியில் ஏறியிருக்கும் கடுக்காயைத் தொட்டதும் இரும்பு கருமையாகிவிடுகிறது. அவர் அடுத்த இலைக்குப் போவதற்குள் முந்தைய இலை அட்டக் கறுப்பு. அத்தை அதுவரை "நேரமாச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தவர், சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

விலைக்கு வருகிறேன். கட்டம் கட்டமாக ராமாயணம் முழுக்க வரைந்த துணி என்றால் நம் கைக்கு எட்டாது. ஒவ்வொரு முகமும் கூலி. அதே அளவில் ஒரே ஒரு பெரிய மரம், கிளைகளில் நாலைந்து கிளி, மயில், இவ்வளவுதான் என்றால் விலை பாதிக்கும் கீழே. இதில் நமக்கு நஷ்டமும் இல்லை, ஏனென்றால் சோபாவுக்கு எதிரில் உட்கார்ந்து பார்க்கிறவருக்குச் சின்ன முகங்கள் தெரியப்போவதில்லை; மரம் தெரியும். ஆறாயிரத்துக்குச் சற்றுக் குறைவாகக் கொடுத்தேன். பேரம் பேசவில்லை, அவ்வளவு நேரம் பார்த்துவிட்டு வாய் வரவில்லை. கண்காட்சிகளில் ஆயிரம் ரூபாய்க்கும் கிடைக்கிறது, ஆனால் அதில் பெரும்பாலும் ஸ்க்ரீன் பிரிண்ட். துணியைத் திருப்பிப் பாருங்கள்: சாயம் பின்பக்கமும் ஊறி இறங்கியிருக்க வேண்டும், இரண்டு இலை அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கக்கூடாது. அவ்வளவு பணம் இல்லையென்றால் மசூலிப்பட்டணத்து அச்சுக் கலம்காரி பெட்ஷீட் வாங்கி மாட்டலாம், அதில் ஒரு குறையும் இல்லை.

மாட்டுகிற வேலையும் முக்கியம். தெரு முனை டெய்லரிடம் பின்னால் காடாத்துணி லைனிங் கொடுத்து, மேலும் கீழும் கம்பி நுழைகிற மாதிரி மடித்துத் தைக்கச் சொன்னேன். "அக்கா, இது என்ன ஸ்க்ரீனா?" என்று கேட்டு ஸ்க்ரீன் கூலியே வாங்கிக்கொண்டார், 350 ரூபாய். மேலே ஒரு கர்ட்டன் ராடு, கீழே ஒரு மெல்லிய அலுமினியக் குழாய். கீழே கனம் இல்லாவிட்டால் ஃபேன் காற்றில் துணி படபடக்கும். துணியின் கீழ்விளிம்புக்கும் சோபா முதுகுக்கும் நடுவே ஒரு சாண் விட்டேன், தலை எண்ணெய் படாமல் இருக்க. சுவருக்கும் துணிக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி இருப்பதும் நல்லது. ஐப்பசி கார்த்திகையில் நம் சுவர்கள் ஓதம் காக்கும். ஒட்டி மாட்டினால் பூஞ்சை பிடித்துவிடும். பல்லி குடியேறாதா என்று கேட்பீர்கள். குடியேறும். கீழ்க்குழாயைப் பிடித்து லேசாக உதறினால் ஓடிவிடும். 22 கிலோ கண்ணாடியை இப்படி உதற முடியுமா? இயற்கைச் சாயம் என்பதால் வெயில் மட்டும் நேராகப் படக்கூடாது. எங்களுக்கு மேற்கு ஜன்னல், மூன்று மணிக்குத் திரையை இழுத்துவிடுகிறேன்.

இப்போது படுக்கையறைச் சுவருக்குப் பவானி ஜமுக்காளம் ஒன்றை மாட்டலாம் என்றிருக்கிறேன். பச்சையும் சிவப்புமாகப் பட்டை போட்டது, வீட்டிலேயே பரணில் ஒன்று கிடக்கிறது, செலவு ராடு மட்டும். அத்தைக்கு ஒப்பவில்லை. "அதையும் மாட்டிட்டா, விசேஷத்துக்கு ஆள் வந்தா எதை விரிப்பே?" என்கிறார்.