நாலு விரல்

நவம்பர் 3, திங்கள்

காரின் முன் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே கையை வைத்துப் பார்த்தேன். நாலு விரல் தாராளமாகப் போகிறது. வண்டி வந்த நாளிலிருந்து இந்த இடைவெளி கண்ணை உறுத்துகிறது. முப்பது மில்லிமீட்டர் இறக்கினால் போதும், பாயப் பதுங்கின மாதிரி நிற்கும். ஸ்பிரிங் நாலையும் மாற்ற ஒரு நாள் வேலைதான் என்கிறார் மெக்கானிக் அண்ணன்.

அப்பா இன்று வாசல்படி வரை நடந்தார்.

நவம்பர் 5, புதன்

மழை. இடது முன்பக்கம் மறுபடியும் டொக்.

நவம்பர் 6, வியாழன்

அந்தச் சத்தம் எனக்கு மட்டும்தான் கேட்கிறது என்று இருந்தேன். வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தால், கட்டிலில் படுத்தபடியே அப்பா, "முன்னாடி எடது பக்கம் ஷாக்கு போயிருச்சு அம்மணி" என்றார். ஜன்னல் சாத்தியிருந்தது. டூல் மழுங்குவதை அடுத்த அறையிலிருந்தே சத்தத்தில் கண்டுபிடிக்கிற காது அது. எங்கள் லேத் பட்டறைக்கு அவர் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. லேத் ஓடும்போது நானே காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறேன், அவர் அளவுக்கு வரவில்லை.

சாயங்காலம் மட்கார்டை அழுத்தி விட்டுப் பார்த்தேன். ஒரு தரம் எழும்பி நிற்க வேண்டியது, இரண்டரை தரம் ஆடியது. சக்கரத்தை ஒடித்து டார்ச் அடித்தால் ஷாக் அப்சார்பர் உடம்பு பூராவும் எண்ணெய், அதில் மண் அப்பியிருக்கிறது. 16 வருஷத்து ஷாக், இத்தனை நாள் உழைத்ததே பெரிது.

நவம்பர் 8, சனி

மாரியம்மன் கோயில் வேகத்தடை. காலை ஐந்தரைக்கு, ஆள் நடமாட்டம் வருவதற்கு முன், டேப்பும் மட்டப்பலகையும் கொண்டுபோய் அளந்தேன். உயரம் 14 செ.மீ. அகலம் 1.3 மீட்டர்.

வேகத்தடைக்கு இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த ஐ.ஆர்.சி. 99 என்று ஒரு நெறிமுறை உண்டு. 17 மீட்டர் ஆரம், 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம்; 25 கிலோமீட்டர் வேகத்தில் அலுங்காமல் கடக்கலாம். என் வண்டி சக்கரத்துக்குச் சக்கரம் 2,468 மி.மீ. அந்த 17 மீட்டர் வளைவில் இரண்டு சக்கரமும் ஏறி நின்றால், நடுவில் வளைவு எழும்புவது 45 மி.மீ. தான். முப்பது இறக்கின வண்டிகூட உரசாமல் போய்விடும். கோயில் தடை அப்படி இல்லை. இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் முழுசாக அடங்கிவிடுகிறது. 14 சென்டிமீட்டரும் நேரே வயிற்றுக்குக் கீழே. எஞ்சின் அடித்தட்டுக்கு இப்போது எனக்கு இருப்பது 12.5. கோணலாக ஏற்றி, ஒவ்வொரு சக்கரமாக இறக்கித்தான் தினமும் கடக்கிறேன். ஸ்பிரிங் மாற்றினால் 9.5. எவ்வளவு கோணலாக ஏற்றினாலும் நாலரை சென்டிமீட்டரை எங்கிருந்து கொண்டுவருவது?

எங்கள் வீதிக்கு வேறு வழி கிடையாது. ஆஸ்பத்திரி அந்தப் பக்கம்.

நவம்பர் 9, ஞாயிறு

நேற்று அத்தனையும் எழுதியாயிற்று. இன்று காலை மறுபடியும் போய்க் கையை வைத்துப் பார்த்தேன். நாலு விரல்.

நவம்பர் 12, புதன்

வண்டியை லிஃப்டில் ஏற்றினார் அண்ணன். அடியில் நின்றுகொண்டு ஒரு மணி நேரம் பேசினோம், பேச்சு முழுக்க, சக்கரத்தை அடிப்பக்கம் வண்டியோடு பிணைக்கிற லோயர் ஆர்ம் பற்றித்தான்.

வண்டி தரையில் நிற்கும்போது அந்த ஆர்ம் உள்பக்கம் சற்று உயர்ந்து, சக்கரத்தை நோக்கிச் சரிந்திருக்கும். வண்டியை இறக்கினால் சரிவு தட்டையாகும். இன்னும் இறக்கினால் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடும். திருப்பத்தில் வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ, அந்தப் புள்ளி வண்டி இறங்கினதைவிட அதிகமாகக் கீழே போய்விடும். எடையின் மையத்துக்கும் அதற்கும் உள்ள தூரம் கூடும். அந்தத் தூரம்தான் நெம்புகோல். தாழ்ந்த வண்டி குறைவாகச் சாயும் என்று நான் நினைத்திருந்தேன். முன்னால் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணாக) இருக்கிற வண்டியில், ஸ்பிரிங்கும் சேர்ந்து கெட்டியானால்தான் அது நடக்கும். கெட்டியாகும்போது, அது எகிறும் வேகத்தை அடக்க பழைய ஷாக்குக்குத் தெம்பு இருக்காது. பிஸ்டன் ஏற்கெனவே கீழே இறங்கி நிற்பதால் பம்ப் ஸ்டாப் ரப்பரும் பக்கத்திலேயே வந்துவிடும். ஒவ்வொரு குழியிலும் ரப்பரில் போய் இடிக்கும்.

எடையின் மையம் தரையிலிருந்து அரை மீட்டரில் இருப்பதாக வைத்துக்கொண்டால், முப்பது மில்லிமீட்டருக்குக் கிடைக்கும் லாபம் நூற்றுக்கு ஆறு. திருப்பத்தில் உள்சக்கரத்திலிருந்து வெளிச்சக்கரத்துக்கு மாறும் பாரத்தில் அவ்வளவு குறையும். அந்த ஆறுக்காகவா நான் மூன்று வருஷமாகத் தூங்காமல் கிடக்கிறேன்?

"ஸ்பிரிங்கு மட்டும் போட்டா பார்வைக்கு நல்லா இருக்குமுங்க அம்மணி. ஓட்றதுக்கு ஷாக்குதானுங்க" என்றார் அண்ணன். அவர் கல்லாவுக்கு ஸ்பிரிங் வேலைதான் லாபம். இருந்தும் அப்படிச் சொன்னார்.

நவம்பர் 14, வெள்ளி

மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 52 படித்தேன். கம்பெனி கொடுத்த அளவிலிருந்து மாற்றக் கூடாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறைகூட உண்டு.

நவம்பர் 17, திங்கள்

பில்ஸ்டீன் கம்பெனி ஷாக், பி6, பி8. இரண்டும் ஒற்றைக் குழாய், உள்ளே அழுத்தத்தில் வாயு. பி6 பழைய ஸ்பிரிங்குக்கு, நீளம் மாறாது. பி8 கட்டை. இறக்குகிறவர்களுக்கு. ராத்திரி இரண்டு மணி வரை இந்த ஆறா எட்டா என்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பி8 வாங்கிவிட்டால் பிறகு உயரத்துக்குத் திரும்ப முடியாது.

நவம்பர் 18, செவ்வாய்

ராத்திரி பூராவும் அப்பா முனகல்.

நவம்பர் 21, வெள்ளி

ஆஸ்பத்திரி. மாமா வண்டியில் கூட்டிக்கொண்டு போனோம். முதுகுக்கு அதிர்ச்சி கூடாது, பெல்ட் இன்னும் மூன்று வாரம். திரும்பும்போது அப்பா, "அடுத்த தடவ உன்ற வண்டியில போலாம் அம்மணி. அப்புறம் அப்படியே செட்டிபாளையம்" என்றார்.

செட்டிபாளையம் என்றால் கரி மோட்டார் ஸ்பீட்வே, கோவையின் கார்ப் பந்தயத் தடம். 2003-இல் திறந்ததிலிருந்து அவருக்கு அது குலதெய்வம் கோயில் மாதிரி. அதற்கு முன்னால் சோழவரத்து ஓடுதளத்தில் பந்தயம் பார்க்க ராத்திரி ரயில் ஏறிப் போனவர். அந்தத் தடத்தின் பேருக்குரிய கரிவரதன் 1995-இல் சின்ன விமானம் விழுந்து இறந்த சேதி வந்த நாளை இன்னும் வீட்டுச் சாவு மாதிரிதான் சொல்வார். மாருதி எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் கட்டின மனுஷன் நம்ம ஊர்க்காரர் என்று எனக்கு ஆறு வயதில் சொல்லிக்கொடுத்தது அப்பாதான். இந்த வண்டியை நான் வாங்கினதே அதனால்தான் என்று அவரிடம் சொன்னதில்லை.

நவம்பர் 22, சனி

அம்மா கேட்டாள், "அந்தக் குழிக்குள்ள உங்கப்பாவ எப்படிடி ஒக்கார வெப்பே?"

அளந்தேன். பக்கத்து இருக்கை, உட்கார்ந்து அமுங்கினபின், தரையிலிருந்து 42 செ.மீ. பட்டறையில் இருந்து ஒரு மர ஸ்டூலைக் கொண்டுவந்து காலை அறுத்து 42-க்கு வைத்தேன். எழுந்து உட்காரும் பயிற்சி நேரத்தில் அப்பா அதில் உட்கார்ந்தார். என் தோளைப் பிடித்து எழுந்துவிட்டார். முகம் சுருங்கியது, ஆனால் எழுந்துவிட்டார்.

மத்தியானம் அரிசிம்பருப்பு சாதம் சாப்பிட்டபின் அதே ஸ்டூலில் இன்னும் மூன்று சென்டிமீட்டர் அறுத்தேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. உட்கார்ந்தார். இரண்டு தரம் முயன்றார். மூன்றாவது தரம் அம்மா வந்து அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள்.

39.

நவம்பர் 23, ஞாயிறு

இல்லை, இறக்கத்தான் போகிறேன். அப்பா இரண்டு மாதத்தில் தேறிவிடுவார். வண்டி என்னிடம் பத்து வருஷம் இருக்கும்.

நவம்பர் 24, திங்கள்

ஸ்டூல் கூடத்திலேயே கிடக்கிறது. யாரும் எடுத்து வைக்கவில்லை.

நவம்பர் 27, வியாழன்

பி6. நாலு. கூடவே ஷாக்கின் மேல்தலைக்கு டாப் மவுன்ட், பேரிங், லோயர் ஆர்ம் ரப்பர் புஷ், புது பம்ப் ஸ்டாப். பணம் கட்டியாயிற்று.

டிசம்பர் 3, புதன்

தீபம். வாசலில் விளக்கு வைத்தோம். பார்சல் சென்னையில் நிற்கிறது. அப்பா திண்ணைக்கு வந்து உட்கார்ந்தார்.

டிசம்பர் 8, திங்கள்

வந்துவிட்டது. மஞ்சள் உடம்பு, நீல ஸ்டிக்கர். கம்பியைக் கையால் அழுத்தினேன், மெதுவாகத்தான் இறங்கியது. விட்டதும் தானாக எழுந்து நின்றது. அப்பா வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, கம்பியின் மேல் நகத்தை ஓட்டிப் பார்த்தார். "கிரைண்டிங் சுத்தம்" என்றார்.

டிசம்பர் 10, புதன்

காலை எட்டிலிருந்து இரவு ஏழு வரை மாட்டினோம். பழைய இடது டாப் மவுன்ட் ரப்பர் இரண்டாகக் கிழிந்திருந்தது, டொக் சத்தம் அதில் இருந்தும் வந்திருக்கிறது. புஷ் போல்ட்டுகளை அண்ணன் வண்டி தொங்கும்போது முடுக்கவில்லை. சக்கரத்தின் மேல் முழு எடையும் இறங்கி நின்றபின் அடியில் படுத்து டார்க் ரெஞ்சில் முடுக்கினார். தொங்கவிட்டு முடுக்கினால் ரப்பர் முறுகின நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும். சொல்லாமலே செய்தார். இவரிடம்தான் இனி வண்டி.

டிசம்பர் 12, வெள்ளி

அலைன்மென்ட் முடிந்தது. அவிநாசி சாலை மேம்பாலத்தில் 10.1 கிலோமீட்டர் போய், திரும்பி வந்தேன். இணைப்புகளில் ஒரு தட்டு, அதோடு அடங்கிவிடுகிறது, ஆட்டம் மிச்சமில்லை. மாரியம்மன் கோயில் தடையில் கோணலாக ஏறி இறங்கினேன். சத்தமில்லை.

வீட்டுக்கு வந்து கையை வைத்துப் பார்த்தேன். வாயு அழுத்தத்தில் வண்டி ஒரு நூல் உயர்ந்துகூட இருக்கிறது. நாலு விரல், அதற்கு மேலும் கொஞ்சம். இன்னும் உறுத்துகிறது.

டிசம்பர் 14, ஞாயிறு

காலை 5.40. அப்பா பெல்ட்டை இறுக்கிக்கொண்டு, வெள்ளைச் சட்டை போட்டு, கேட்டருகில் நிற்கிறார். இருக்கையைக் கடைசி வரை பின்னால் தள்ளிவிட்டேன். அம்மா தலையணையோடு வருகிறாள்.