போர்ட் பிளேருக்கு ஒரு சீட்

எழும்பூரில் ஒரு டிராவல் ஏஜென்சியில் விமான டிக்கெட் எழுதுவது என் வேலையாக இருந்தது. அப்போது நிஜமாகவே பேனாவால்தான் எழுதுவோம். சிவப்புக் கார்பன் பூசிய தாள்கள் அடுக்காக இருக்கும். கடைசித் தாள் வரை பதிய வேண்டும் என்று அழுத்தி எழுதி எழுதி நடுவிரலில் காய்ப்பே விழுந்துவிடும். பெயர், விமான எண், தேதி, கட்டணம் என்று கட்டம் கட்டமாக நிரப்பிக்கொண்டு வந்து, ஸ்டேட்டஸ் கட்டத்தில் 'ஓகே' என்று எழுதினால் சீட் உறுதி. 'ஆர்க்யூ' என்று எழுதினால் கேட்டிருக்கிறோம், இன்னும் கிடைக்கவில்லை என்று அர்த்தம்.

போர்ட் பிளேர் டிக்கெட்டுகளில் 'ஆர்க்யூ'தான் அதிகம் எழுதியிருப்பேன். அந்தமானில் நம் ஆட்கள் நிறைய. ஊரில் ஒரு சாவு, ஒரு கல்யாணம் என்றால் கப்பலில் மூன்று நாள் போக வேண்டும், அல்லது இந்தியன் ஏர்லைன்ஸில் சீட் கிடைக்க வேண்டும். வேறு வழி கிடையாது. 1953-இல் வந்த ஏர் கார்ப்பரேஷன்ஸ் சட்டம் தனியார் விமான நிறுவனங்களை எல்லாம் அரசுடைமையாக்கி, உள்நாட்டுக்கு இந்தியன் ஏர்லைன்ஸ், வெளிநாட்டுக்கு ஏர் இந்தியா என்று இரண்டே நிறுவனங்களை வைத்தது. அட்டவணைப்படி விமானம் ஓட்ட வேறு யாருக்கும் அனுமதி இல்லை.

இந்தியன் ஏர்லைன்ஸ் ஊழியர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அப்பா இறந்த செய்தி கேட்டு ஓடி வந்த ஒரு இளைஞருக்காக, ரிசர்வேஷனில் இருந்த ஒரு அம்மா சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டு வெயிட்டிங் லிஸ்ட்டை வரி வரியாகப் பார்த்து, கேன்சலான ஒரு சீட்டைத் தேடிக் கொடுத்தார். ஆனால் அந்த அம்மாவை எனக்குத் தெரியும் என்பதால்தான் அந்த சீட் கிடைத்தது. தெரிந்தவர் யாரும் இல்லாதவர்கள் கப்பல் ஏறினார்கள். இத்தனை வருஷம் கழித்தும் அது எனக்கு ஆறவில்லை.

அதே காலத்தில்தான் குவைத் போர் வந்தது. 1990-இல் ஜோர்டான் நாட்டின் அம்மானிலிருந்து ஒரு லட்சத்துக்கும் அதிகமான இந்தியர்களை ஏர் இந்தியா விமானங்கள் பம்பாய்க்குக் கொண்டு வந்து சேர்த்தன. அவர்களிடம் டிக்கெட்டுக்குப் பணம் ஏது? அரசு கையில் ஒரு விமான நிறுவனம் இருந்ததன் அருமையை அன்று கண்ணால் பார்த்தோம். 'அரசு நிறுவனம் என்றாலே வீண்' என்று யாராவது பேசினால் எனக்கு இன்றும் கோபம் வரும்.

1994-இல் பழைய சட்டம் ரத்தானது. அதற்குச் சற்று முன்பிருந்தே ஜெட், ஈஸ்ட் வெஸ்ட், தமானியா, மோடிலுஃப்ட், நம் சென்னையின் என்இபிசி என்று தனியார் நிறுவனங்கள் வரிசையாக வரத் தொடங்கியிருந்தன. பெரும்பாலானவை சில வருஷங்களில் மூடப்பட்டன. பின்னாளில் ஒரு தனியார் நிறுவனம் படுத்தபோது எங்கள் வாடிக்கையாளர்களின் பணமும் அதோடு போனது. அதன் பெயர் வேண்டாம். சரி, போட்டி என்றால் சிலர் விழத்தான் செய்வார்கள். விழும்போது பயணியின் பணத்துக்கு யார் பொறுப்பு என்பதை முதலிலேயே தீர்மானித்திருக்க வேண்டும்.

அதே 1994-இல் வந்த இன்னொரு விதியைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. டெல்லி–மும்பை போல லாபம் கொழிக்கும் வழித்தடங்களில் பறக்கும் எந்த நிறுவனமும் அதில் ஒரு பங்குக்கு ஈடாக வடகிழக்கு, காஷ்மீர், அந்தமான், லட்சத்தீவு பக்கமும் பறந்தாக வேண்டும் என்றது அது. போர்ட் பிளேருக்கு இரண்டாவது, மூன்றாவது விமானம் வந்ததும் நான் 'ஓகே' எழுதத் தொடங்கினேன். சந்தை மட்டும் தானாகக் கொண்டு வந்த மாற்றம் இல்லை இது. அரசு ஒரு விதி போட்டது, அதற்குள் தனியார் ஓட்டினார்கள்.

2003-இல் குறைந்த கட்டணத்தில் பறக்கும் ஏர் டெக்கான் வந்த பிறகு, அதுவரை எங்கள் கடைக் கண்ணாடிக் கதவைத் தள்ளவே தயங்கியவர்கள் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். 2008-இல் ஏஜென்ட் கமிஷன் நின்றுபோய் எங்கள் தொழில் ஆட்டம் கண்டது. அப்படியும் போட்டியே வந்திருக்கக் கூடாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஏர் இந்தியாவின் கதைதான் வலிக்கிறது. இரண்டு அரசு நிறுவனங்களுக்கும் சேர்த்து 111 விமானங்களுக்கு ஆர்டர், 2007-இல் இரண்டையும் ஒன்றாக்கிய இணைப்பு, வெவ்வேறு சம்பள விகிதத்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்த ஊழியர்கள், மலைபோலக் கடன். இந்த முடிவுகள் எதையும் கவுன்டரில் இருந்தவர்கள் எடுக்கவில்லை, டெல்லியில் எடுத்தார்கள். பழி மட்டும் ஊழியர்கள் தலையில் விழுந்தது. 18,000 கோடி ரூபாய் விலை பேசி, 2022 ஜனவரியில் நிறுவனம் டாடாவிடமே திரும்பிப் போனது. 1932-இல் ஜே.ஆர்.டி. டாடா தொடங்கியதுதானே அது! விற்றதை நான் எதிர்க்கவில்லை. அமைச்சகம் நிர்வகித்த விதத்தில் அது பிழைத்திருக்காது.

ஆனால் விற்றதோடு அரசின் வேலை முடிந்துவிடவில்லை. பைலட்டுகளின் ஓய்வு நேர விதி கடுமையானதைத் தொடர்ந்து, 2025 டிசம்பரில் இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தது. உள்நாட்டுப் பயணிகளில் பத்தில் ஆறு பேருக்கு மேல் ஏற்றிச் செல்லும் நிறுவனம் அது. ஒரு நிறுவனம் தடுக்கினால் நாடே விமான நிலையத்தில் படுத்துக் கிடக்கிறது. மற்ற விமானங்களின் கட்டணம் எகிற, அரசே தலையிட்டு உச்சவரம்பு வைக்க வேண்டியிருந்தது. ஒரே அரசு நிறுவனத்தை நம்பிக் கிடந்த காலம் போய், ஒரே தனியார் நிறுவனத்தை நம்பிக் கிடக்கும் காலத்துக்கு வந்திருக்கிறோமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

அரசு என்ன செய்யலாம் என்று கேட்டால் யாழ்ப்பாணத்தைக் காட்டுவேன். ஏர் இந்தியாவோடு விற்கப்படாமல் அரசிடமே தங்கிவிட்ட அலையன்ஸ் ஏர்தான் 2019 நவம்பரில் தன் சிறிய ஏடிஆர் விமானத்தைச் சென்னையிலிருந்து அங்குள்ள பலாலி விமான நிலையத்துக்கு ஓட்டியது. பெருந்தொற்றில் நின்று, 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கியது. கூட்டம் வரும் என்று தெரிந்த பிறகு, 2024 செப்டம்பரில் அதே வழித்தடத்துக்கு இண்டிகோவும் வந்தது. யாரும் போகாத இடத்துக்கு அரசு நிறுவனம் முதலில் போகட்டும், தனியார் பின்னால் வரட்டும். வந்த பிறகும் அரசு விமானத்தை அங்கிருந்து எடுத்துவிடக் கூடாது.