துணி எத்தனை தடவை மாத்துறீங்க?

நடவுக் காலத்தில் எங்கள் துணை சுகாதார நிலையத்துக்கு வரும் பெண்கள் "இடுப்பு வலிக்குது, மாத்திரை குடும்மா" என்பதோடு சரி. நாள் முழுக்க சேற்றில் குனிந்து நின்றால் இடுப்பு வலிக்கத்தானே செய்யும்? மன்னார்குடி பக்கம் கிராம சுகாதார செவிலியராக இருக்கும் நான் அதோடு விடுவதில்லை, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயின் அறிகுறி ஏதாவது இருக்கிறதா என்று இன்னும் நாலு கேள்வி கேட்பேன்.

அந்த நோயில் வலி தாமதமாகத்தான் வரும். ஆரம்பத்தில் ஒன்றுமே தெரியாது. பெரும்பாலும் முதலில் காட்டிக்கொடுப்பது ரத்தம்தான்: இரண்டு மாதவிலக்குக்கு நடுவில், கணவரோடு சேர்ந்த பிறகு, அல்லது தீட்டு நின்று வருஷங்கள் கழித்து. கணவர் சமாச்சாரத்தை யாரும் தானாகச் சொல்லமாட்டார்கள். நான் கேட்டாலும் முந்தானையால் வாயை மூடிச் சிரிப்பார்கள். தீட்டு நின்றவர்களோ "வயசு திரும்புது போல" என்று கேலி பேசிவிட்டுப் போவார்கள். ஒரு வருஷம் நின்றபின் ஒரு சொட்டு பட்டாலும் பார்த்தே ஆகவேண்டும் என்று அவர்களிடம் கொஞ்சம் கடுமையாகவே சொல்வேன்.

வெள்ளைப்படுவதற்கு எங்கள் ஊரில் ஒரே காரணம்தான், உடம்புச் சூடு. வெந்தயமும் மோரும் குடிப்பார்கள். குடிக்கட்டும், தப்பில்லை. ஆனால் தண்ணீராகவோ, ரத்தம் கலந்தோ, கெட்ட வாடையோடோ வந்தால் மோர் போதாது. வாடை அடிக்கிறதா என்று நேராகக் கேட்டால் கோபம் வந்துவிடும். "ஒரு நாளைக்குத் துணி எத்தனை தடவை மாத்துறீங்க அக்கா?" என்றால் பதில் கிடைக்கும்.

"எனக்குத்தான் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆயிடுச்சே" என்று, இந்த நோய் தங்களுக்கு வராது என்பதுபோலச் சொல்பவர்களும் உண்டு. அதில் கட்டுவது கருக்குழாயைத்தான், கர்ப்பப்பை வாய் அப்படியேதான் இருக்கிறது.

இந்தப் புற்றுநோய்க்குக் காரணமான பாப்பிலோமா வைரஸ் பற்றிப் பேசும்போது மட்டும் பார்த்துப் பேசுவேன். உடலுறவில் பரவுவது என்றதும் வீட்டில் சந்தேகம் கிளம்பிவிடும். மிகப் பரவலான வைரஸ் அது, பெரும்பாலோருக்குத் தானாகவே போய்விடும். போகாமல் தங்கினால் புற்றாக மாறப் பொதுவாகப் பத்து வருஷத்துக்கு மேலாகும். அதனால்தான் 30 வயதுக்கு மேல் எந்தத் தொந்தரவும் இல்லாதபோதே பரிசோதனைக்குக் கூப்பிடுகிறோம். கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி ஒரு நிமிஷம் பொறுத்து, வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று பார்ப்பார்கள். தெரிந்தாலே புற்று என்று அர்த்தமில்லை, அடுத்த பரிசோதனை வேண்டும், அவ்வளவுதான்.

அதற்குத் தஞ்சாவூர் போகச் சொன்னால் பலருக்கு முகம் வாடிவிடும். நோயைவிட, கூட யார் வருவது என்ற கவலைதான் அதிகம். அதனால் இப்போதெல்லாம் ஒரே தெருவிலிருந்து இரண்டு மூன்று பேரைச் சேர்த்தே பஸ் ஏற்றிவிடுகிறேன்.