கிராணிக்கும் ஒரு வீடு இருந்தது

மலேசியாவில், பினாங்கில் எங்கள் வட்டாரத்தில் நடக்கும் ஒரு சிறுகதைப் போட்டிக்கு நான் நடுவர். தமிழாசிரியை என்றால் இந்த வேலையெல்லாம் தேடி வரும், நானும் ஆசையோடுதான் செய்கிறேன். வருகிறவற்றில் பாதிக்கு மேல் ரப்பர் தோட்டத் தொழிலாளர்களைப் பற்றிய தோட்டக் கதைகள். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, அதுவும் போய் அடுக்குமாடி எழும்பிய இடங்கள் எத்தனையோ. கதைக்குள் இருக்கும் கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கர், மட்டும் மாறவே இல்லை. கையில் ஆள் வருகையும் கூலியும் பதியும் செக்ரோல் புத்தகம், வாயில் வசவு, பெண்கள் மேல் ஒரு பார்வை. விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் யாருக்காவது பேர் வெட்டுவார், அன்றைய கூலி போச்சு. கடைசிப் பக்கத்தில் படித்த வாலிபன் ஒருவன் சங்கம், உரிமை என்று ஒரு பக்கம் பேசி அவரைத் தலைகுனிய வைப்பான்.

அந்தக் கோபம் நியாயமானது, அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. என் பாட்டி நிபோங் திபால் பக்கம் பால் மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்தவர். இருட்டோடு தனக்கு ஒதுக்கிய மரவரிசையான நிரைக்குப் போய், வாளி சுமந்து, ஸ்டோரில் பால் நிறுக்கும்போது அளவு குறைந்தால் அரைப்பேர்தான், பாதிக் கூலி. "பாவி மனுசன், எழுதிட்டான்" என்று கிராணியைத் திட்டுவார். அதே மூச்சில் இன்னொன்றும் சொல்வார். என் பெரியப்பாவுக்குச் சின்ன வயதில் காய்ச்சல் முற்றியபோது, ராத்திரியில் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்கு டார்ச் லைட்டோடு வந்து, ஆஸ்பத்திரிக்கு இங்கிலீஷில் கடிதம் எழுதிக் கொடுத்து, லாரிக்காரனையும் எழுப்பிவிட்டது அதே ஆள்தான். மறுநாள் பாட்டி வேலைக்குப் போகவில்லை. அந்த நாளுக்குப் பேரும் போடவில்லை அந்த ஆள்.

இந்த மனிதரை எந்தப் போட்டிக் கதையிலும் நான் பார்த்ததில்லை. அவர் குடியிருந்த வீடும் தோட்டத்து வீடுதான். தோட்ட நிர்வாகியான துரை கண்ணசைத்தால் வேலையோடு வீடும் போகும், பிள்ளைகளின் படிப்பும் போகும். மேலே துரைக்குப் பயம், கீழே நூறு பேரின் வெறுப்பு. தோட்டத்தில் அடுக்கடுக்காக ஆளை நிறுத்திய அந்த ஏற்பாடு எப்படி வேலை செய்தது என்பது இவருடைய வீட்டுக்குள் போனால்தான் தெரியும். வர்க்கம் பற்றி எழுத வந்தவர்கள் அந்த வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள். அதனால் கதையின் அரசியலே நோஞ்சானாகிவிடுகிறது. கெட்ட கிராணிக்குப் பதில் நல்ல கிராணி வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றல்லவா அது சொல்கிறது!

ஏன் இப்படி எழுதுகிறோம்? என் கணிப்பில், பயமும் ஒரு காரணம். 1948-இல், பிரிட்டிஷ் ஆட்சியில், மலாயாவில் அவசரகாலம் வந்தது. அடுத்த ஆண்டு மே மாதம் தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதியைப் கோலாலம்பூர்ப் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். அப்படிப்பட்ட காலத்தில் ஒரு சங்கத்துக்காரனைக் கதையில் வைப்பதற்கே நெஞ்சுரம் வேண்டும். அன்று பேச முடியாமல் போன சங்கத்துக்காரர்களைப் பற்றிப் பிற்பாடு பேசத் தொடங்கியபோது அவர்களைச் சாமியாக்கிவிட்டோம். சாமி இருந்தால் அசுரனும் வேண்டுமே.

ரஷ்யாவில் இதையே சட்டம் போலச் செய்தார்கள். 1934-இல் மாஸ்கோவில் நடந்த சோவியத் எழுத்தாளர்களின் முதல் மாநாடு, சோஷலிச யதார்த்தவாதம்தான், அதாவது சோஷலிசத்தை வளர்க்கும்படி வாழ்க்கையைக் காட்டும் எழுத்துதான், வழி என்று அறிவித்தது. அதற்குப் பிறகு இலக்கை மிஞ்சி உழைக்கும் வீரர்களும் அவர்களைக் கெடுக்க வரும் நாசக்காரர்களுமாக எத்தனையோ நாவல்கள் வந்தன. ஆனால் கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினரான ரஷ்ய எழுத்தாளர் ஷோலகோவ் அதே ஆண்டுகளில்தான் டான் நதி நாவலை எழுதி முடித்தார். அதன் நாயகன் கிரிகோரி புரட்சியின் செம்படைக்குப் போகிறான், அதை எதிர்த்த வெள்ளைப்படைக்குப் போகிறான், எங்கும் ஒட்டாமல் ஓய்ந்துபோய் ஊர் திரும்புகிறான். அவனைக் கடைசியில் போல்ஷெவிக்காக, கம்யூனிஸ்ட்டாக, ஆக்கிவிடச் சொல்லி நெருக்கினார்கள். ஷோலகோவ் இணங்கவில்லை. கொள்கை இருந்தால் கதை செத்துவிடும் என்று சொல்கிறவர்களை நான் ஏற்காததற்கு இந்த ஒரு நாவல் போதும்.

நம் பினாங்குக்கே வருவோம். பினாங்கில் நடக்கும் ப. சிங்காரத்தின் நாவல் 'கடலுக்கு அப்பால்' 1959-இல் வந்தது. அதன் நாயகன் செல்லையா நேதாஜியின் படையில் இருந்துவிட்டுத் திரும்பியவன். லேவாதேவிக் கடை முதலாளியின் மகள் மரகதத்தை விரும்புகிறான். முதலாளி மறுத்துவிடுகிறார். துப்பாக்கி பிடித்துப் பழகியவனுக்கு இனி அடங்கி உட்கார்ந்து வட்டிக்கணக்குப் பார்க்க வராது என்பது அவர் கணக்கு. தேசபக்தியை நிறுவ எழுதியிருந்தால் அவரைக் கருமியாக்கிக் கதையை முடித்திருக்கலாம். சிங்காரம் இந்தோனேசியாவின் மேடானில் கடைச் சிப்பந்தியாக இருந்தவர், அந்தத் தொழிலின் கட்டுப்பாடும் பணிவும் அவருக்கு உள்ளிருந்து தெரியும். அதனால் செல்லையாவுக்காக மனம் கிடந்து அடித்துக்கொள்ளும்போதே முதலாளி சொல்வதிலும் விஷயம் இருக்கிறது என்று தோன்றுகிறது. போர் ஒரு மனிதனை என்ன செய்துவிட்டுப் போகிறது என்பதை முழக்கம் எதுவும் இல்லாமல் அங்கேதான் நான் புரிந்துகொண்டேன்.

போட்டிக்கு வரும் இன ஒருமைப்பாட்டுக் கதைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மலாய்க்காரர் அகமது, சீனர் ஆ சோங், தமிழர் முருகன். மூவருக்கும் ஒரு சண்டை கூட வராது. சண்டையே வராதவர்கள் எப்படி நண்பர்களாவது?

இந்த முறை வந்த ஒரு கதைக்காகத்தான் இதையெல்லாம் எழுத உட்கார்ந்தேன். எழுதியது கல்லூரி மாணவி. கதையில் வரும் தாத்தா சங்கத்துக்காரர். யாருக்குக் கூலி பாக்கி என்றாலும் முன்னால் போய் நிற்பார். ஆனால் மகள் வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டதும் அவளை வீட்டுப்படி ஏற விடவில்லை. பிறகு அந்த மருமகனையே தோட்டத்தில் வேலையை விட்டு நிறுத்துகிறார்கள். தாத்தா அவனுக்காக மனு எழுதுகிறார், விசாரணைக்கு அலைகிறார், வேலையையும் வாங்கிக் கொடுக்கிறார். மகள் வீட்டில் ஒரு வாய் காப்பி குடிக்க மட்டும் மறுத்துவிடுகிறார். இரண்டிலும் அவர் மனதாரத்தான் நிற்கிறார், எதுவும் நடிப்பில்லை.

இன்னொரு நடுவருக்கு வருத்தம். "டீச்சர், சங்கத்துக்கு உழைச்சவங்கள இப்படிக் காட்டலாமா? படிக்கிற பிள்ளைங்க என்ன நினைக்கும்?" என்று கேட்டார். அவர் அப்பாவும் சங்கத்தில் இருந்தவர், அதனால் நிதானமாகவே பேசினேன். "ஐயா, அந்தப் பொண்ணு தாத்தாவோட மனுவை வரிவரியா எழுதியிருக்கு. எந்தத் தேதி, எத்தனை வெள்ளி பாக்கின்னு எல்லாம் இருக்கு. அவர் மேல மரியாதை இல்லாத பிள்ளை அவ்வளவு சிரமப்படுமா?" என்றேன். அவர் கதையை வாங்கி இன்னொரு தடவை படித்தார். மதிப்பெண்ணை மாற்றவில்லை. என் பட்டியலில் அதுதான் முதலிடம்.