அப்பாவின் வியாழக்கிழமை டோஸ்

விழுங்கிய மாத்திரை ரத்தத்தில் எவ்வளவு ஏறுகிறது, எவ்வளவு வேகத்தில் இறங்குகிறது என்று மாடல் போடுவது என் வேலை. நான்மெம் மென்பொருளுக்கு டேட்டா செட் தயார் செய்வதிலேயே பாதி நாள் போய்விடும்.

புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், 56 நாள் ரிஃபாம்பிசின் என்ற டிபி மருந்து எடுத்தவருக்கு ஏடிடிஎல் கட்டத்தில் 56 என்று போட்டிருந்தார். அது கூடுதல் டோஸ்களின் எண்ணிக்கை. முதல் டோஸ் அந்த வரியிலேயே இருப்பதால் 55தான் வர வேண்டும். திருத்திக்கொண்டார். அப்புறம் கேட்டார்: "அக்கா, வாரத்துக்கு மூணு நாள் மருந்துன்னா இடைவெளி எவ்வளவு போடறது? 48 மணியா, 72 மணியா?"

சனிக்கிழமை தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு வரச் சொன்னேன்.

அப்பா 2009-இல் டிபிக்கு மாத்திரை எடுத்தது அப்படித்தான். தினசரி மருந்து முறை நாடு முழுக்க வந்தது 2017-இல். அதற்கு முன் திங்கள், புதன், வெள்ளி. டாட்ஸ் மையத்தில் கண்ணெதிரே விழுங்க வைப்பார்கள். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனதைப் பார்த்து அப்பா முதல் நாள் பயந்தே போனார். அம்மா மாதக் காலண்டரில் ஒவ்வொரு டோஸுக்கும் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டார். அது இன்னும் பீரோவில் இருக்கிறது.

அதைத் தரையில் விரித்தோம். திங்கள், புதன், வெள்ளி மூன்றையும் ஒரே வரியில் அடக்க முடியாது. ஆனால் திங்களுக்குத் திங்கள் 168 மணி. புதனுக்குப் புதனும் அதேதான். ஆக மூன்று வரிகள். முதல் திங்கள் எட்டு மணியிலிருந்து மணிக்கணக்கில் டைம் 0, 48, 96. மூன்றிலும் ஐஐ, அதாவது டோஸ்களுக்கு இடையிலான இடைவெளி, 168, எட்டு வாரத்துக்கு ஏடிடிஎல் 7. மொத்தம் 24 டோஸ்.

ஐந்தாவது வாரத்தில் தம்பியின் விரல் நின்றது. புதன் மேல் வட்டம் இல்லை, வியாழன் மேல் இருந்தது. அன்று காசிமேட்டில் ஒரு விசைப்படகு இன்ஜின் வேலைக்கு விடியற்காலை போன அப்பா இரவுதான் திரும்பினார். அந்த மதியம் ரத்தம் எடுத்திருந்தால் மருந்து இருந்திருக்காது. புதன் டோஸ் போனதாக நாம் எழுதியிருந்தால், மாடல் அந்த உடம்பின் மேல் பழி போடும்: மருந்தை அசுர வேகத்தில் வெளியேற்றுகிறது என்று. எடுக்காத மாத்திரையை எடுத்ததாக எழுதுவதை என்னால் பொறுக்கவே முடியாது. எஸ்எஸ் என்ற கட்டத்தில் 1 போட்டு முந்தைய கதையை மொத்தமாகத் தாண்டுவதும் இங்கே சரிவராது. தவறாமல் வெகுகாலமாக எடுத்து வருகிறார் என்று அதற்கு அர்த்தம். ரிஃபாம்பிசினோ முதல் வாரங்களில் தன்னை வெளியேற்றும் வேகத்தைத் தானே கூட்டிக்கொள்ளும் மருந்து.

புதன் வரியை உடைத்தோம். நான்கு வாரத்துக்கு ஏடிடிஎல் 3. வியாழனுக்குத் தனி வரி, டைம் 744. ஆறாவது வாரப் புதன் 888-இல் தொடங்கி ஏடிடிஎல் 2.

டீ கொண்டு வந்த அம்மா, "வியாழக்கிழமை எட்டு மணிக்கு இல்ல, பத்து மணி ஆயிடுச்சு. நான்தான கூட்டிட்டுப் போனேன்" என்றார்.

தம்பி 744-ஐ அழித்துவிட்டு 746 என்று அடித்தார்.