பூப்பந்தும் என் குரலும்

தை மாதம் சம்பா அறுவடை முடிந்த கையோடு எங்கள் ஊர்த் திடலில் பெண்கள் பூப்பந்து ஆட ஆரம்பித்தார்கள். தஞ்சாவூர் மாவட்டம் பாபநாசத்துக்குப் பக்கத்து ஊர். நானும் சேர்ந்தேன். இரண்டு பிள்ளைகளுக்கு அம்மா. பள்ளிக்கூடத்தோடு விளையாட்டை விட்டவள். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கத் தயங்குகிறவள். ஒரு வருஷம் தாண்டிவிட்டது. சேரலாமா வேண்டாமா என்று யோசிக்கிற பெண்களுக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன்.

மஞ்சள் கம்பளிப் பந்தை வைத்து ஆடும் இந்த ஆட்டம் தஞ்சாவூர் மண்ணில் வளர்ந்தது. 19ஆம் நூற்றாண்டில் அரண்மனைக் குடும்பத்தார் ஆடியதாகச் சொல்வார்கள். பந்தின் எடை 27, 28 கிராம்தான் இருக்கும். இறகுப் பந்து மாதிரி லேசான காற்றுக்கே அலையாது என்பதால் வெட்டவெளியில் ஆடலாம். திடலும், வலையும், கோடு போடச் சுண்ணாம்புத் தூளும் இருந்தால் போதும். பேட் மட்டும் அவரவர் வாங்கிக்கொண்டோம்.

ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர். முன்னால் இருவர், நடுவில் ஒருவர், பின்னால் இருவர். மொத்த ஆடுகளமே 24 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம். அதில் பாதிக்குள் ஐந்து பேர் பேட்டோடு நிற்கிறோம். ஒருவர் ஒரே அடியில் பந்தை அந்தப் பக்கம் அனுப்பிவிட வேண்டும். இருவருக்கு நடுவே பந்து வந்தால் யார் எடுப்பது? யாராவது சத்தம் போட்டே ஆகவேண்டும். "என்னுது!" என்று ஒரு குரல். வெளியே போகிற பந்தென்றால் "விடு!" குரல் வராவிட்டால் இரண்டு பேட்டும் மோதும், இல்லை பந்து நடுவில் விழும்.

எனக்கு மாற்றம் தொடங்கிய இடம் இந்தக் குரல்தான். அடியெல்லாம் அப்புறம்தான் வந்தது. பக்கத்தில் நின்ற கல்லூரிப் பிள்ளை ஒருத்தி, "அக்கா, தப்பா இருந்தாலும் பரவாயில்ல, சத்தமா சொல்லுங்க" என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். அரை விநாடியில் முடிவெடுத்து, அதை எல்லாரும் கேட்கிற மாதிரி சொல்லி, அதற்குப் பொறுப்பேற்று ஓடவும் வேண்டும். வீட்டில் இதற்கு எங்கே வாய்ப்பு? சாயந்தரம் முழுக்கத் திரும்பத் திரும்ப இதையே செய்தேன். சித்திரை வெயில் வருவதற்குள் என் குரல் தானாக எழும்ப ஆரம்பித்தது.

சர்வீஸ் வேறு விதம். எல்லாரும் நம்மையே பார்ப்பார்கள். இடுப்புக்குக் கீழே பந்தை அடித்து, வலையை ஒட்டிய கோட்டைத் தாண்டி எதிர்க் களத்தின் குறுக்குப் பக்கம் போடவேண்டும். கை நடுங்கும். இதற்கு நான் கண்ட வழி, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி செய்வது: மூச்சை விடு, பந்தை ஒருதரம் உருட்டிப் பார், விழவேண்டிய இடத்தைப் பார், அடி. "கவலைப்படாதே" என்று யார் சொன்னாலும் அடங்காத நடுக்கம் இதில் அடங்கியது.

பாண்டுரா என்ற உளவியலாளர் 1977இல் எழுதியதைப் பின்னால் படித்தேன். ஒரு காரியத்தை நம்மால் முடியும் என்ற எண்ணத்துக்கு, நாமே செய்து முடித்த அனுபவம்தான் எல்லாவற்றையும்விட வலுவானது. நம்மைப் போன்றவர் செய்வதைப் பார்ப்பதும் உதவும். பிறர் சொல்லும் ஊக்க வார்த்தைக்கு அவ்வளவு பலம் இல்லை என்கிறார். என் விஷயத்தில் அப்படியே சரி. என் வயதுக்காரி ஒருத்தி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்வரிசையில் ஆடியதைப் பார்த்துத்தான் நான் முதலில் களத்துக்குள் இறங்கினேன்.

ஆடியில் காற்று பலமாக வீசும்போது கம்பளிப் பந்தும் திசை மாறும். பந்தைத் தாழ்வாக வெட்டி அடிக்க அப்போது பழகினோம். ஐப்பசி, கார்த்திகையில் திடல் முழுக்கத் தண்ணீர். சுவரில் அடித்துப் பழகினேன், ஆனால் சுவரிடம் "என்னுது" என்று கத்த முடியாதே. தை பிறந்து மறுபடி இறங்கியபோது பழைய தயக்கம் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. ஒரு வாரத்தில் போய்விட்டது. தன்னம்பிக்கையும் புழக்கத்தில் இருந்தால்தான் நிற்கும் போலிருக்கிறது.

ஜனவரி 26 கிராம சபைக் கூட்டத்தில் எழுந்து நின்றேன். திடலுக்கு விளக்குக் கம்பம் வேண்டும், சாயந்தரம் சீக்கிரமே இருட்டிவிடுகிறது, பெண் பிள்ளைகள் ஆடுகிறார்கள் என்று சொன்னேன். மூச்சை விட்டு, பார்க்கவேண்டிய முகத்தைப் பார்த்து, சர்வீஸ் போடுகிற அதே வரிசையில். பின்வரிசை வரை கேட்டதாம். கோரிக்கையைத் தீர்மானமாக எழுதிக்கொண்டார்கள். கம்பம் இன்னும் வரவில்லை. மே 1 கூட்டத்தில் மறுபடி கேட்பேன்.

இப்போது என்னை நடுவில் நிறுத்தியிருக்கிறார்கள். நாலு பக்கமும் பந்து வரும் இடம். இடதுகைப் பக்கம் தாழ்ந்து வரும் பந்து இன்னும் வலையில்தான் விழுகிறது. மணிக்கட்டைத் திருப்பாமல் தோளோடு சேர்த்து அடிக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.